படகின் அடியில்: வில்பட்டையா, ரப்பரா?

ஜூலை மாதத்தின் கடைசியில் அடுத்தடுத்து வரும் புதனும் வியாழனும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் படகுக்காரர்களுக்குத் திருவிழா நாட்கள். சிங்கி இறால் பருவம் ஆகஸ்டில் முறையாகத் தொடங்குவதற்கு முன், பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்கென்று அரசு திறந்துவிடும் 2 நாட்கள் அவை. அந்த வாரத்தில், மயாமிக்குத் தெற்கே தீவு தீவாகத் தாவி கீ வெஸ்ட் வரை ஓடும் 113 மைல் நெடுஞ்சாலையில் காருக்குப் பின்னால் கார், பல கார்களின் பின்னால் ஒரு படகு. போகிற வழியில் ஏதாவது ஒரு படகு சாலையோரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதன் எஞ்சினில் பழுதிருக்காது. டயரும் நன்றாகவே இருக்கும். படகைத் தாங்கும் டிரெய்லரின் அடியில், சட்டகத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே, ஏதோ ஒன்று முறிந்திருக்கும்.

அந்த 'ஏதோ ஒன்று' பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். லாரிகளின் அடியில் எல்லோரும் பார்த்திருக்கும் இரும்புப் பட்டை அடுக்கு, அதாவது வில்பட்டை. அல்லது குழாய்க்குள் ரப்பரை அடைத்து வைத்த டார்ஷன் அச்சு. டிரெய்லர் வாங்கப் போகிறவரிடம் விற்பனையாளர் இந்த இரண்டையும் காட்டுவார். வாங்குபவரும் வழக்கமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: எது குலுங்காமல் போகும்?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. எது எப்படிக் கெடும், கெடும்போது கண்ணுக்குத் தெரியுமா, நடுவழியில் கெட்டால் என்ன செய்வது? படகு டிரெய்லரைப் பொறுத்தவரை தேர்வு இங்கேதான் முடிவாகிறது.

காரணம், அந்த வண்டியின் வாழ்க்கை அப்படி. வருடத்தில் பெரும்பகுதி அது வீட்டு முற்றத்தில் பாரத்தைச் சுமந்தபடி அசையாமல் நிற்கும். ஓடும் நாளில் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடி, அந்தச் சூடு ஆறுவதற்குள் அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் இறங்கும். லாரிக்கும் காருக்கும் இந்தக் கதி கிடையாது. ஓடிச் சூடேறிய சக்கர ஹப் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, சீல் சற்றே தேய்ந்திருந்தாலும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது, பேரிங் போகிறது. படகு டிரெய்லர்களின் பழுதுகளில் இது பிரபலமானது என்றாலும் இருவகை அச்சுக்கும் பொதுவானது. ஆகவே அதை இங்கே விட்டுவிடலாம்.

முதலில் பழையவரான வில்பட்டை. தாங்கும் பாரத்துக்கேற்ப வளையும் பொருள்களின் விதியை இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல் விடையைச் சொன்னார்: நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவு. குதிரை வண்டிகளுக்கு இரும்பு வில் பொருத்தும் வழக்கம் அதன் பிறகு மெல்லப் பரவியது. லண்டனில் ஒபதையா எலியட் 1804இல் நீள்வட்ட வடிவ வில்பட்டைகளின் மேல் வண்டிக் கூட்டை ஏற்றிவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் வண்டியின் நீளத்துக்கும் ஓடிய கனத்த நடுமரம் தேவையற்றுப் போயிற்று, வண்டி இலேசாயிற்று. நம் ஊர்ப் பண்ணையார்கள் ஏறிப்போன வில்வண்டியின் அடியில் இருந்ததும் இதே குடும்பத்துச் சரக்குதான்.

ஒரே தடித்த பட்டையை வைக்காமல் ஏன் பல மெல்லிய பட்டைகளை அடுக்குகிறார்கள்? பட்டை வளையும்போது அதன் ஒரு பரப்பு நீள்கிறது, மறுபரப்பு சுருங்குகிறது. தடிமன் கூடக் கூட, அதே அளவு வளைவுக்குப் பரப்பில் விழும் இழுவிசையும் கூடும். இன்னொரு பக்கம், தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு 8 மடங்காகிவிடும். அதாவது தடித்த பட்டை வளையவும் மறுக்கும், வளைத்தால் உடையவும் செய்யும். மெல்லிய பட்டைகளை அடுக்கி, ஒன்றின்மேல் ஒன்று வழுக்க விட்டால் பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு எல்லாமே தாராளமாக வளையும். பாரத்தின் வளைவிசை நடுவில் அதிகம், முனைகளில் குறைவு. அதனால்தான் நடுவில் அடுக்கு தடிமனாகவும் முனை நோக்கிப் போகப் போக மெலிந்தும் இருக்கிறது. யூ-போல்ட்டுகள் அடுக்கை அச்சோடு சேர்த்துக் கட்டுகின்றன. பாரம் ஏறி வில் நிமிரும்போது அதன் நீளம் கூடுமே, அதற்கு இடம் கொடுக்கப் பின்முனையில் ஆடும் ஷாக்கிள் ஒன்று இருக்கும். மலிவான டிரெய்லர்களில் அதுவும் இல்லாமல், முனை சும்மா ஒரு தாங்கியின் மேல் வழுக்கிக்கொண்டிருக்கும். நகரும் பாகம் குறைந்தால் துருப்பிடிக்கும் பாகமும் குறையும் என்பதால் படகு டிரெய்லர்களில் இந்த வகைக்கு ஆதரவு உண்டு.

பட்டைகள் உரசுவதிலும் ஒரு நன்மை இருக்கிறது. பள்ளத்தில் விழுந்து எழும் வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகாமல் அந்த உராய்வு ஆட்டத்தைத் தின்றுவிடுகிறது. ஷாக் அப்சார்பர் இல்லாமலே இந்த டிரெய்லர்கள் ஓடுவது அதனால்தான்.

அந்த உரசும் இடுக்குதான் கடலோரத்தில் எமனாகிறது. கடல்நீரில் கிலோவுக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு. படகை இறக்கிவிட்டு டிரெய்லரை மேலே இழுத்ததும் வெளிப்பரப்பு வெயிலில் காய்ந்துவிடும். பட்டைகளுக்கு நடுவே புகுந்த உப்புநீர் காயாது. இடுக்கின் உள்ளே ஆக்சிஜன் குறைவு, வெளி விளிம்பில் அதிகம். இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலம்போல வேலை செய்து உள்ளிருக்கும் இரும்பைக் கரைக்கிறது. குளோரைடு அயனிகள் அதை முடுக்கிவிடுகின்றன. துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் பட்டைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துத் தள்ளும். வழுக்க வேண்டிய பட்டைகள் இறுகிக்கொள்ளும். பரப்பில் துரு தோண்டிய ஒவ்வொரு குழியிலும் விசை குவியும். ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த பிறகு அந்தக் குழி ஒன்றிலிருந்து விரிசல் புறப்படும்.

துத்தநாகம் பூசிவிட்டால் தீராதா? சட்டகத்துக்குத் தீரும். சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்த சாதாரண இரும்பு பல ஆண்டு தாக்குப்பிடிக்கும். வில் எஃகு அப்படிச் சாதாரணமானது அல்ல. முக்குவதற்கு முன் அமிலத்தில் கழுவுகிறார்கள். அப்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் கடினமான எஃகை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளக்கூடும். தொட்டியின் சூடும் வில் எஃகைப் பதப்படுத்தும் சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் முறுக்கு தளர வாய்ப்புண்டு. கவனமாகச் செய்த துத்தநாக வில்பட்டைகள் சந்தையில் இருக்கின்றன, நன்றாகவும் உழைக்கின்றன. ஆனால் பளபளப்பை மட்டும் பார்த்து வாங்குவது சரியல்ல.

இத்தனை குறையையும் சொன்ன பிறகு வில்பட்டைக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது தன் நோயை ஒளிப்பதில்லை. துரு வெளியே தெரியும். பட்டைகள் பிரிவது தெரியும். வில் தட்டையாவது தெரியும். ஒரு துணைப்பட்டை உடைந்தாலும் மற்றவை பாரத்தைத் தாங்கிக்கொண்டு வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். முனையில் கண் உள்ள தலைப்பட்டை உடைந்தால்தான் ஆபத்து. அச்சு பின்னால் நகர்ந்து டயர் மட்கார்டில் இடிக்கும். அப்போதுகூட ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பானர் செட், டிரெய்லர் உதிரிபாகக் கடையில் வாங்கி வண்டியில் போட்டிருந்த மாற்று வில் ஒன்று இருந்தால் சாலையோரத்திலேயே மாற்றிக்கொண்டு புறப்படலாம். அந்தச் சிங்கி இறால் வாரத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

இனி ரப்பர். டார்ஷன் என்றதும் இயந்திரவியல் தெரிந்தவர்களுக்கு முறுக்கப்படும் எஃகுத் தண்டு நினைவுக்கு வரும். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931இல் காப்புரிமை பெற்றது அது. 1934இல் வந்த சித்ரோயன் கார்களிலும் பிறகு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் அது ஓடியது. படகு டிரெய்லரில் இருப்பது வேறு. வெளியே ஒரு சதுரக் குழாய். அதற்குள், மூலைகள் குழாயின் பக்கங்களைப் பார்க்கும்படி 45 டிகிரி திருப்பிவைத்த இன்னொரு சதுரத் தண்டு. இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் நான்கு முக்கோண வெளிகளில் நான்கு நீண்ட ரப்பர் உருளைகள். உள்தண்டின் நுனியில் ஒரு குட்டைக் கை, அந்தக் கையின் முனையில் சக்கரம். சக்கரம் மேட்டில் ஏறினால் கை உயரும், தண்டு திரும்பும், ரப்பர் உருளைகள் மூலையில் நசுங்கும். இங்கே எஃகு எதுவும் முறுக்கப்படுவதில்லை. வேலை முழுவதையும் செய்வது நசுங்கும் ரப்பர். அமெரிக்காவில் டெக்ஸ்டர் நிறுவனத்தின் டார்ஃப்ளெக்ஸ் அச்சு இந்த அமைப்புதான். அலோய்ஸ் கோபர் 1931இல் பவேரியாவில் தொடங்கிய ஆல்-கோ நிறுவனம் அறுகோணக் குழாயில் மூன்று ரப்பர்களை வைக்கிறது.

நெருக்கமான இடத்தில் அவ்வளவு ரப்பரை எப்படி நுழைக்கிறார்கள்? கடுங்குளிரில் உறையவைத்து, விறைத்துச் சுருங்கிய நிலையில் தண்டோடு சேர்த்து உள்ளே தள்ளிவிடுகிறார்கள். குளிர் விட்டதும் ரப்பர் விரிந்து சுவர்களை இறுகப் பற்றிக்கொள்கிறது. பசையும் வேண்டாம், போல்ட்டும் வேண்டாம். அதனாலேயே மறுபடி பிரித்தெடுக்கவும் வழியில்லை. இந்தச் செய்தி பிறகு தேவைப்படும்.

ரப்பரை ஸ்பிரிங்காக நம்பலாம் என்று உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் அலெக்ஸ் மோல்ட்டன். ரப்பர் அவர் குடும்பத் தொழில். சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சுட்டுப் பக்குவப்படுத்திய ரப்பரின் மாதிரிகளை 1840களில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்டீஃபன் மோல்ட்டன். 1848இல் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன் ஊரில் ரப்பர் ஆலை வைத்தவரும் அவரே. கொள்ளுப்பேரன் 1959இல் வெளிவந்த மினி காருக்கு இரும்புச் சுருளுக்குப் பதில் ரப்பர் கூம்புகளைக் கொடுத்தார். மினி இலேசான கார். ஓட்டுநர் மட்டும் போகும்போது ஒரு பாரம், நாலு பேர் ஏறினால் அதைவிட மிகக் கூடுதலான பாரம். சாதாரண ஸ்பிரிங் ஒன்றுக்குச் சரியாக இருந்தால் மற்றதுக்குச் சரியாக இராது. ரப்பரோ நசுங்க நசுங்க விறைத்துக்கொண்டே போகும். குறைந்த பாரத்தில் மென்மை, நிறைந்த பாரத்தில் உறுதி.

படகு டிரெய்லரின் சிக்கலும் இதேதான், இன்னும் மோசமாக. படகோடு ஒரு கனம். படகை நீரில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அதில் கால்பங்கோ அதற்கும் குறைவோ. ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் எந்தப் பொருளும் ஒரு நொடிக்கு எத்தனை முறை துள்ளும் என்பதை, பாரம் ஏறியதும் அந்த ஸ்பிரிங் எவ்வளவு தாழ்ந்தது என்பதை வைத்தே கணக்கிடலாம். முழுப் பாரத்தில் 7.5 சென்டிமீட்டர் தாழ்ந்தால் நொடிக்குச் சுமார் 1.8 துள்ளல். விறைப்பு மாறாத வில்லில் பாரம் கால்பங்கானால் துள்ளல் இரண்டு மடங்கு, 3.6. வெறும் டிரெய்லர் தடதடவென்று குதித்துக்கொண்டே வருவது இதனால். ரப்பர் அச்சில் இந்த ஏற்றம் இவ்வளவு கடுமையாக இராது. அதோடு ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கையில் தொங்குவதால் இடது சக்கரம் பள்ளத்தில் விழுவது வலது சக்கரத்துக்குத் தெரியாது. வில்பட்டையில் இரண்டையும் ஒரே அச்சு கட்டிப்போட்டிருப்பதால் ஒன்று விழுந்தால் மற்றதும் சாயும்.

ஆக, குலுங்காமல் போவது எது என்ற கேள்விக்கு ரப்பர் என்பதே நேர்மையான பதில். ஐரோப்பாவின் கேரவன்களில் பெரும்பாலானவை ரப்பர் அச்சில் ஓடுவது சும்மா அல்ல. படகுக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு: வில்லுக்கு இடம் விட வேண்டியதில்லை என்பதால் சட்டகம் தாழ்வாக இருக்கும். படகு தாழ்வாக உட்கார்ந்தால் இறங்குதுறையில் காரை அவ்வளவு ஆழத்துக்குப் பின்னால் தள்ள வேண்டாம். சட்டகம் எவ்வளவு தாழ வேண்டும் என்பதை அந்தக் குட்டைக் கையின் தொடக்கக் கோணத்தை மாற்றியே தீர்மானிக்கலாம். கீழ்நோக்கி 45 டிகிரியிலிருந்து மேல்நோக்கி 45 டிகிரி வரை பல கோணங்களில் அச்சுகள் கிடைக்கின்றன.

மோல்ட்டன் கதையில் ஒரு பின்பகுதி உண்டு, விற்பனையாளர்கள் சொல்ல மாட்டார்கள். மினிக்கு ஓராண்டு முன்பு, 1958இல், லேண்ட் ரோவருக்குப் போட்டியாக ஆஸ்டின் நிறுவனம் ஜிப்ஸி என்ற வண்டியை இறக்கியது. நான்கு சக்கரத்துக்கும் மோல்ட்டனின் ஃப்ளெக்ஸிட்டர் ரப்பர் அமைப்பு. கரடுமுரடான நிலத்தில் லேண்ட் ரோவரைவிடச் சுகமாக ஓடியது. ஆனாலும் சில ஆண்டுகளில் வில்பட்டை பொருத்திய ஜிப்ஸியையும் அதே நிறுவனம் விற்கத் தொடங்கியது. காட்டிலும் பண்ணையிலும் வண்டி ஓட்டுபவருக்குச் சுகத்தைவிட, பக்கத்து ஊர்க் கொல்லனே சரிசெய்துவிடக்கூடிய பொருள் முக்கியமாகப்படுவதில் வியப்பில்லை.

ரப்பர் அச்சின் குறை அங்கேதான் இருக்கிறது. உள்ளே நடப்பது எதுவும் வெளியே தெரியாது. ரப்பரை நிரந்தரமாக நசுக்கியே வைத்திருந்தால் அது மெல்ல மெல்லத் தன் பழைய வடிவத்தை மறந்துவிடும். முற்றத்தில் படகைச் சுமந்தபடி வருடக்கணக்கில் நிற்கும் டிரெய்லருக்கு நேர்வது இது. கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும், சட்டகம் தாழும், ஒருநாள் பார்த்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை. குழாய்க்குள் உப்புநீர் புகுந்தால் உள்ளிருந்து துரு தின்னும். பெருகும் துரு ரப்பரையே நெரிக்கும். வெளியே துத்தநாகம் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே குழாயின் சுவர் காகிதமாகியிருக்கும். பிரிக்க முடியாத பொருள் என்று முன்பே சொன்னோம்: கெட்டால் ரப்பரை மட்டும் மாற்ற இயலாது, அச்சு முழுவதையும் மாற்ற வேண்டும். வெல்டு வைத்துச் சமாளிக்கலாம் என்றால் அதுவும் ஆகாது. சூட்டில் ரப்பர் கருகிவிடும் என்பதால் குழாயின் மேல் வெல்டு வைக்கவே கூடாது என்பது தயாரிப்பாளர்களின் கண்டிப்பான எச்சரிக்கை. சாலையோரத்தில் ஓர் அச்சு போய்விட்டால் அடுத்த அழைப்பு இழுவை வண்டிக்குத்தான்.

அலுமினியச் சட்டகத்தில் எஃகு அச்சைப் பொருத்தும்போது இன்னொரு தொல்லை சேரும். கடல்நீர் நனைத்த இரு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். நடுவே துத்தநாகப் பூச்சோ, பிளாஸ்டிக் தகடோ இருக்கிறதா என்று அச்சைத் தாங்கும் பிராக்கெட்டின் அடியில் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

கனமான படகுகளுக்கு இரட்டை அச்சு வேண்டும். அங்கே நிலவரம் தலைகீழாகிறது. வில்பட்டை டிரெய்லரில் முன்பின் வில்களுக்கு நடுவே தராசுக்கோல்போல ஆடும் ஒரு துண்டு இருக்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அந்தத் துண்டு சாய்ந்து பின்சக்கரத்தைக் கீழே அழுத்தும். இரண்டு அச்சும் பாரத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். ரப்பர் அச்சுகளுக்குள் இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. காரின் கொக்கி சற்று உயரமாக இருந்து டிரெய்லர் பின்பக்கம் சாய்ந்தால் பின் அச்சு தன் பங்கைவிட அதிகம் சுமக்கும். முன் அச்சு சும்மா உருளும். தட்டையான சாலை சட்டென்று சரிந்து இறங்குதுறையாகும் முனையில் சில கணங்களுக்கு ஒரே அச்சு ஏறத்தாழ முழுப் படகையும் தாங்க நேரிடும். இரட்டை ரப்பர் அச்சு வாங்குபவர் கொக்கியின் உயரத்தை அளந்து, டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

உப்பே இல்லாத ஊருக்குப் போனால் எல்லாம் மாறிவிடும். அமெரிக்காவின் வடக்கே மினசோட்டாவில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 11,842. மே மாதத்தில் மீன்பிடிப் பருவம் திறக்கும் சனிக்கிழமை அங்கே பொதுவிடுமுறை மாதிரி. நகரமே படகை இழுத்துக்கொண்டு வடக்கே கிளம்பும். ஏரிநீரில் வில்பட்டை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதன் பெரிய எதிரியே அங்கே இல்லை. ஆனால் ஏரிக்குப் போகும் கடைசிச் சில மைல்கள் பல இடங்களில் சரளைச் சாலை. படகுகளில் பல ரிவெட் அடித்த இலேசான அலுமினியப் படகுகள். இடைவிடாத அதிர்வு ரிவெட்டைத் தளர்த்தும். படகின் அடிப்பகுதி தண்ணீர் எல்லாப் பக்கமும் தாங்கும் என்ற நினைப்பில் வடிவமைக்கப்பட்டது; டிரெய்லரில் அது சில பலகைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ரப்பரின் மென்மைக்கு உண்மையான மதிப்பு கடலோரத்தைவிட இந்த ஏரிக்கரையில்தான் அதிகம். ஒரு கொசுறுச் செய்தி: அயல்நாட்டு நீர்த்தாவரங்கள் ஏரிக்கு ஏரி பரவக்கூடாது என்பதற்காக, துறையை விட்டுக் கிளம்புமுன் டிரெய்லரில் ஒட்டிய நீர்ச்செடியை அகற்ற வேண்டும் என்பது மினசோட்டாவில் சட்டம். யூ-போல்ட்டும் ஷாக்கிளும் நிறைந்த வில்பட்டையின் இடுக்குகளில் சிக்கிய இழைகளைப் பிடுங்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

வட ஆஸ்திரேலியாவின் செம்மண் சாலைகளில் கணக்கு மறுபடி வேறு. அலை அலையாய் மேடுபள்ளம் விழுந்த சாலையில் மணிக்கணக்கில் ஓடும்போது ரப்பர் விழுங்கும் ஆற்றல் வெப்பமாகிக் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த ஒர்க்‌ஷாப் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. அங்கே வில்பட்டையும் வண்டியில் ஒரு மாற்று வில்லும்தான் விவேகம்.

எந்த வகையானாலும் பலர் சறுக்குவது எடைக் கணக்கில். அமெரிக்காவில் மிகப் பரவலான ஒற்றை அச்சு 3,500 பவுண்டு, அதாவது 1,588 கிலோ தாங்குவது. விளம்பரத்தாளில் படகின் எடை 1,000 கிலோ என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வெறும் கூடு. எஞ்சின் 200, பெட்ரோல் 100, பேட்டரியும் நங்கூரமும் ஐஸ்பெட்டியும் மற்ற தட்டுமுட்டும் 150, டிரெய்லரின் சொந்த எடை 350. மொத்தம் 1,800 கிலோ. இதில் 8 சதவீதம், 144 கிலோ, காரின் கொக்கியில் இறங்குகிறது என்றாலும் அச்சின்மேல் 1,656 கிலோ. வாங்கிய நாளிலேயே அளவு மீறிவிட்டது. இதற்குப் பயந்து தேவைக்கு மிஞ்சிய கனமான ஸ்பிரிங்கைப் போடுவதும் பிழைதான். வளையாத ஸ்பிரிங் அதிர்ச்சியை விழுங்காது. நேரே படகுக்கு அனுப்பிவிடும்.

இவ்வளவையும் வைத்து ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால்: கடலில் இறக்குபவர், ஒற்றை அச்சு, வீடு பக்கத்தில், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவும் பழக்கம் உண்டு என்றால் துத்தநாகம் பூசிய ரப்பர் அச்சு. ஒருநாள் அதை முழுதாக மாற்ற வேண்டிவரும் என்ற நினைப்போடு வாங்க வேண்டும். கடல், இரட்டை அச்சு, கனமான படகு, நீண்ட பயணம் என்றால் வில்பட்டை. சில பருவத்துக்கு ஒருமுறை மாற்றிவிடும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. ஏரி, சரளைச் சாலை, இலேசான படகு என்றால் கையில் பணம் இருந்தால் ரப்பர், இல்லாவிட்டால் வில்பட்டை, இரண்டுமே ஏமாற்றாது.

புளோரிடாவிலோ டொரன்டோவிலோ சிட்னியிலோ பழைய டிரெய்லர் பார்க்கப் போகும் வாசகர் ஒரு டார்ச் விளக்கும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொள்ளட்டும். வில்பட்டையானால் பட்டைகளுக்கு நடுவே பிளவு, யூ-போல்ட்டின் மரையில் அரிப்பு, தட்டையாகிப் போன வில். ரப்பரானால் படகு ஏறிய நிலையில் இரு பக்கமும் டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி சமமா என்று அளந்து, பிராக்கெட் அருகே குழாயைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டு, துருச் செதில் உதிர்ந்தால், புதிய அச்சின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஒத்துவராவிட்டால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.